நுண்ணெகிழி

செய்திகளில் அடிக்கடி அடிபடும் 'மைக்ரோபிளாஸ்டிக்' என்பதற்குத் தமிழ்ச்சொல் நுண்ணெகிழி. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துணுக்கு, இழை, மணி எல்லாம் இதில் அடங்கும்.

மூலம் கிரேக்கம். 'மிக்ரோஸ்' என்றால் சிறியது, 'பிளாஸ்டிகோஸ்' என்றால் வேண்டியபடி உருப்பிடிக்கத் தக்கது. 2004-இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சனும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய பிறகே சொல் பரவியது. 5 மி.மீ. என்ற வரம்பு, 2008-இல் அமெரிக்காவின் டகோமாவில் நடந்த பயிலரங்கில் பேசி முடிவானது. அளவைக் கணக்கில் 'மைக்ரோ' பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இங்கே அப்படி இல்லை. இவற்றில் பெரியவை வெறுங்கண்ணுக்கே தெரியும்.

சரி, நெகிழி? 'நெகிழ்' என்றால் இளகு, தளர், வளைந்துகொடு. சிலர் 'ஞெகிழி' என்றும் எழுதுகிறார்கள். பழந்தமிழில் ஞெகிழிக்குக் கொள்ளிக்கட்டை என்று வேறு பொருள் இருப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. நுண் + நெகிழி, கண்ணீர்போலப் புணர்ந்து நுண்ணெகிழி ஆகும். பிரித்து 'நுண்நெகிழி' என்று எழுதுவோரும் உண்டு. யாருக்கும் புரியாமல் போகாது.

இதில் ஒரு வேடிக்கை. பெரும்பாலான நுண்ணெகிழி பிறப்பதே நெகிழும் தன்மை போவதால்தான். வெயிலில் நெடுநாள் கிடந்த புட்டிமூடியைப் பாருங்கள்: நிறம் வெளுத்து, மேலெல்லாம் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், தேய்த்தால் விரலில் மாவுபோல ஒட்டும். புறஊதாக் கதிர் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்க, அலையும் மணலும் மிச்சத்தை நொறுக்குகின்றன. இதை 'மக்குதல்' என்று எழுதுவது தவறு. மக்கிய பொருள் மண்ணோடு மண்ணாகும். இது சிறிதாகிறதே ஒழிய பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. பாலியெஸ்டர் துணி துவைத்த நீரில் வரும் இழைகளும், டயர் தேய்ந்து மழைநீரோடு ஓடும் துகள்களும் இவ்வகையே. இவற்றை இரண்டாம்நிலை நுண்ணெகிழி என்பார்கள்.

சிறிதாகவே செய்யப்படுபவை முதல்நிலை நுண்ணெகிழி. முகம் கழுவும் பசைகளில் கலந்த மணிகள் அப்படிப்பட்டவை. அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றி அவற்றைத் தடுத்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் குருணைகளும் இதில் சேரும். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது கரையில் குவியல் குவியலாக ஒதுங்கியவை இவைதான்.

ஆர்க்டிக் பனிக்கட்டியிலும் பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான மரியானா அகழியில் வாழும் சிற்றுயிர்களின் குடலிலும்கூட நுண்ணெகிழி கிடைத்திருக்கிறது. இதைவிடச் சிறியவற்றுக்கு, அதாவது மைக்ரோமீட்டருக்கும் கீழே போனவற்றுக்கு, இப்போதைக்கு 'நானோநெகிழி' என்றே எழுதலாம்.