துப்பாக்கிப் பெட்டி: தகடு, பூட்டு, சுவர், சாவி

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கோடை விடுமுறைக்கு எல்லாரும் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கூடியிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பட்டாலையில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். பெரியப்பா மகன் என்னை இரண்டாம் கட்டுக்குக் கூட்டிப்போய், முருகன் படத்துக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு சாவியை எடுத்து, தேக்கு அலமாரியைத் திறந்தான். ஐயாவின், அதாவது தாத்தாவின், இரட்டைக்குழல் துப்பாக்கி என் கைக்கு வந்துவிட்டது. தூக்க முடியாமல் தூக்கி அவனைத்தான் குறிபார்த்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அப்பத்தா கத்தவில்லை. "கீழ வையப்பா, மெதுவா" என்று மட்டும் சொன்னார். குழலில் தோட்டா இல்லை. தோட்டாக்களை ஐயா எப்போதும் வேறு அறையில், இரும்புப் பெட்டியில், தனிப் பூட்டுப் போட்டு வைத்திருப்பார். அந்த ஒரு பழக்கத்தால்தான் அவனும் நானும் இன்றைக்கும் போனில் பேசிக்கொள்கிறோம்.

ஐயா காலமானபின் அப்பச்சி, அதாவது என் அப்பா, சட்டப்படி அந்தத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் திரும்ப எடுத்துவந்தார். பழைய வீடுகளில் இப்படித் தாத்தா விட்டுப்போன துப்பாக்கி இருந்தால் முதல் வேலை இதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், வாரிசு அதைத் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பரண்மேல் போட்டுவைக்கக் கூடாது.

சரி, திரும்ப வந்த துப்பாக்கியை எங்கே வைப்பது? மறுபடியும் தேக்கு அலமாரியிலா? குறைந்த செலவில் நல்ல பெட்டி ஒன்று வேண்டும் என்று நான் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பெட்டியும் திறக்கவே முடியாத பெட்டி கிடையாது. பெட்டி நமக்குத் தருவது நேரம். திருடன் ஐந்து நிமிடத்தில் முடிக்க நினைத்த வேலையை அரை மணி நேரம் ஆக்குகிறது, சத்தம் போட வைக்கிறது. குழந்தைக்கு அது எட்டாமலே போகிறது. மனம் உடைந்துபோன ஒருவர் வீட்டில் இருந்தால், நினைப்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே அந்தப் பூட்டு நிற்கும் சில நிமிடம்கூட உயிரைக் காப்பாற்றலாம், ஏனென்றால் அந்த வேகம் பெரும்பாலும் கடந்துபோகக்கூடியது. (அப்படி ஒரு காலம் வீட்டுக்கு வந்தால் பெட்டியை நம்பி இருக்காதீர்கள், துப்பாக்கியையே கொஞ்ச நாள் வெளியே ஒப்படைத்துவிடுங்கள்.)

முதலில் தகடு. வீட்டில் இருக்கும் பீரோ போதாதா என்று அப்பச்சி கேட்டார். சாதாரண பீரோவுக்கு 20 கேஜ் அளவிலான தகடு போடுவார்கள், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். 14 கேஜ் தகடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் தகடு வளைவதை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்றபடி கூடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 0.9இலிருந்து 2க்குப் போனால் ஏறத்தாழ பதினோரு மடங்கு. வளையும்போது தகட்டின் ஒரு முகம் இழுபடுகிறது, மறுமுகம் அமுங்குகிறது. இரண்டு முகமும் எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது முரண்டு பிடிக்கும். பீரோ கதவின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய்த் திரும்பி வரும். 2 மில்லிமீட்டர் தகடு அசையாது.

கடப்பாரைக்கு எதிரே இந்த விறைப்புதான் வேலை செய்கிறது. மூன்றடிக் கடப்பாரையின் நுனியை இடுக்கில் செருகி, நுனியிலிருந்து 3 சென்டிமீட்டரில் அது தாங்கி நின்றால், இந்தப் பக்கம் 20 கிலோ எடைக்கு ஒருவர் அழுத்துவது அந்தப் பக்கம் 500 கிலோவுக்கு மேல் போய்ச் சேரும். அதனால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கே தெரியக் கூடாது. கதவு சட்டத்துக்குள் அடங்கி உட்கார வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கீல் பக்கம். கீலை அறுத்துவிட்டால் கதவு கழன்று வந்துவிடும் பெட்டிகள் நிறைய விற்கிறார்கள். கீல் பக்கமும் கதவின் உட்புறத்தில் இரண்டு இரும்புக் கட்டைகள் பற்றவைத்து, மூடும்போது அவை சட்டத்தின் துளைக்குள் போய் உட்காரும்படி செய்தால் கீல் போனாலும் கதவு போகாது. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி துப்பாக்கியிலேயே இருக்கிறது. நடுவில் மடங்கித் திறக்கும் பழைய இரட்டைக்குழலைக் கழற்றினால் குழல் தனி, முன்பக்கக் கட்டை தனி, பின்கட்டையும் விசையும் சேர்ந்த பகுதி தனி என்று மூன்றாகும். மிக நீளமான குழலே பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம்தான். ஆளுயரப் பெட்டி எதற்கு? 90 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 ஆழம் போதும். கழற்றி வைத்த துப்பாக்கி ஒரு குழந்தையின் கையில் அகப்பட்டாலும் சுடாது, அது இரண்டாவது லாபம்.

இந்த அளவை எழுதிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ஆறு பக்கத்தையும் கூட்டினால் சுமார் ஒரு சதுர மீட்டர் தகடு, 2 மில்லிமீட்டர் கனத்தில் அது 16 கிலோ. பட்டறையில் கிலோ கணக்கில்தான் கூலி பேசுவார்கள், ஆகவே செலவை நாமே முன்கூட்டிப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் அந்த 16 கிலோ என்ற எண் எனக்கு வேறொன்றையும் சொன்னது. ஒரு மூட்டை அரிசியைவிடக் குறைவு. ஒரே ஆள் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம்! பூட்டை உடைக்கக்கூட வேண்டாம், பெட்டியோடு போய்விடும். சுவரில் இறுக்காத பெட்டிக்கு எவ்வளவு செலவழித்தாலும் வீண்.

இறுக்குவதில்தான் நம் ஊர் வீடுகளுக்குத் தனிச் சிக்கல். கான்கிரீட் சுவருக்கான ஆங்கர் போல்ட், உள்ளே விரிந்து சுற்றிலும் நெருக்கித்தான் பிடித்துக்கொள்கிறது. கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். நம் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, வளைந்து கொடுக்கும், நூறு வருஷம் சுவர் விரிசல் விடாமல் நிற்க அதுவும் ஒரு காரணம். ஆனால் நெருக்கினால் செங்கல் பிளக்கும், சாந்து உதிரும், போல்ட் ஆடும். கண்ணாடி மாதிரி தேய்த்த மேல்பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் தேடி அலைய வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் துளை போட மனசு வராது. இரண்டு வழி உண்டு. ஒன்று, துளைக்குள் பிசின் ஊற்றி ஒட்டும் கெமிக்கல் ஆங்கர். அது நெருக்காமல் துளையின் முழு நீளத்துக்கும் பாரத்தைப் பரப்பிவிடும். இன்னொன்று, சுவரின் மறுபக்கம் வரை நீளும் கம்பி போட்டு அங்கே ஒரு தகட்டுப் பட்டையோடு நட்டு முறுக்குவது. எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டில் சுவருக்குள்ளேயே பதிந்த பழைய அலமாரிக் குழி ஒன்று சும்மா கிடந்தது. பெட்டியை அதன் அளவுக்குச் செய்து உள்ளே தள்ளி, பின்னாலும் அடியிலுமாக நான்கு இடத்தில் பிசின் வைத்து இறுக்கினோம். நான்கு பக்கமும் சுவர் என்பதால் கடப்பாரையை வீச இடமே இல்லை.

அப்புறம் பூட்டு. நம்பர் தட்டும் மின்னணுப் பூட்டுதான் நவீனம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மலிவான மின்னணுப் பூட்டுகளில் ஒரு சின்னக் காந்தச் சுருளும் ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு முளையும்தான் தாழைப் பிடித்திருக்கும், பலமான அதிர்ச்சியில் அந்த முளை தானே துள்ளி விலகிவிடக்கூடும். போதாததற்கு மழைக்கால ஈரத்தில் பேட்டரி கசிந்து பச்சை பூத்துவிடும். மோட்டார் வைத்த நல்ல மின்னணுப் பூட்டு வேறு ரகம், ஆனால் விலையும் வேறு. அந்தக் காசை நான் தகட்டில் போடுவேன்.

என் தேர்வு திண்டுக்கல் லீவர் பூட்டு. நம் கண்டாங்கிச் சேலைக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் 2019இல் ஒன்றாகத்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் ஒரு பூட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே ஆறு மெல்லிய பித்தளைத் தகடுகள் புத்தகத்தின் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, இவற்றுக்குத்தான் லீவர் என்று பெயர். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. தகட்டின் நடுவில் ஒரு பிளவு. தாழோடு சேர்ந்த முளை ஒன்று அந்தப் பிளவுகளுக்குள் புகுந்தால்தான் தாழ் நகரும். சாவியின் பல்லில் உள்ள படிகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்துக்குத் தூக்குகின்றன. ஆறு பிளவும் நேர்கோட்டில் வந்தால் முளை உள்ளே போகும். ஒரு தகடு கொஞ்சம் தாழ்ந்தாலும் போகாது, கொஞ்சம் அதிகம் தூக்கினாலும் போகாது. அந்த 'அதிகம் தூக்கினாலும் போகாது' என்பதுதான் முக்கியம். 1778இல் ராபர்ட் பேரன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த திருத்தம் அது. அதற்கு முன்னால் தகட்டை எவ்வளவு தூக்கினாலும் சரி, தூக்கினால் போதும் என்றிருந்தது.

லீவர் எண்ணிக்கையை ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. மூன்று லீவர், ஒவ்வொன்றுக்கும் மூன்று உயரம் என்றால் மொத்தம் 27 விதச் சாவிதான். ஆறு லீவர், ஐந்து உயரம் என்றால் 15,625. எங்கள் தெருவில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பீரோக்களில் ஒன்றின் சாவி மற்றதைத் திறந்த கதை எனக்கே தெரியும். அது மந்திரமில்லை, 27 மாதிரியான சின்னக் கணக்கு.

பெட்டி வாங்கக் கையில் காசில்லை என்றால், அதுவரைக்கும் கேபிள் பூட்டு வாங்குங்கள். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலுக்குள் எஃகுக் கேபிளை விட்டுப் பூட்டிவிட்டால் துப்பாக்கியை மூடவே முடியாது, மூடாமல் சுட முடியாது. திருட்டை இது தடுக்காது. குழந்தையைத் தடுக்கும்.

இனி ஈரம். காற்று சூடாக இருக்கும்போது அதிக நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம், 25 டிகிரியில் 23 கிராம்தான். ஐப்பசி மழை நாளில் மத்தியானம் 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு இருந்த காற்று, ராத்திரி 25 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய நிறைந்துவிடும், இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் மிச்சம் இரும்பின்மேல் வியர்க்கும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும், விரல் உப்புப் பட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம். பெட்டிக்குள் 100 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறியதும் 120 டிகிரி அளவில் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. குழலுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தோல் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைப்பதை விட்டுவிடுங்கள், தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டியே கிடக்கும்.

வருஷத்தில் பத்து மாசம் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால், இந்தப் பெட்டியும் சரி வராது. ஆள் இல்லாத வீட்டில் திருடனுக்கு அரை மணி நேரம் என்ன, ஒரு வாரமே கிடைக்கும். எங்கள் வீட்டில் வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அறை, முகப்புச் சாவி பங்காளிகள் பலரிடம். அப்பச்சி சென்னைக்குப் போகும் மாதங்களில் துப்பாக்கியை ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறார். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைப்பது நமக்குப் பழகியதுதானே, அதே மாதிரி.

கடைசியாக, அந்த முருகன் படம். பெட்டி மாட்டிய அன்று அப்பச்சி சாவியை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார், கண் நேராகப் படத்துக்குத்தான் போனது. நான் வேண்டாம் என்றேன். படத்துக்குப் பின்னால், காலண்டர் ஆணியில், அரிசிப் பானையில் என்று பெரியவர்கள் வைக்கும் எல்லா இடமும் பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரிந்திருந்தது. லைசென்ஸ் அவர் பெயரில் இருப்பதால் ஒரு சாவி அவர் இடுப்பில், ஐயா கட்டியிருந்த மாதிரியே. இன்னொரு சாவியை வங்கி லாக்கரில் வைத்துவிட்டோம். தோட்டாப் பெட்டியின் சாவி வேறு, அது வேறு வளையத்தில்.

போன கார்த்திகையில் அவர் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். குழலின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண்ணை வைத்தார். "பளபளன்னு இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார், ஜெல் நிறம் மாறியிருந்தது.