ஜூப்பிட்டருக்கு பாஸ்வேர்ட் இருக்குன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க

மறுபடியும் ஒரு காலேஜ், மறுபடியும் அதே பதில், அதனாலதான் எழுதுறேன். டேட்டா சயின்ஸ் லேப் பசங்க எல்லாரும் சேர்ந்து யூஸ் பண்ற ஜூப்பிட்டர் சர்வரை (ப்ரவுசர்லயே கோடு அடிச்சு ஓட்டுற நோட்புக்) ஹேக் பண்ண முடியுமான்னு டெஸ்ட் பண்ணக் கூப்பிடுவாங்க, சாதாரண ஸ்டூடன்ட் லாகின் ஒண்ணு குடுங்கன்னு கேட்டா மூஞ்சி மாறிடும். "பாஸ்வேர்ட்தான் இருக்கே, லாகின் குடுத்துட்டா அப்புறம் என்ன சார் டெஸ்ட்டு, வெளிய இருந்து உடைச்சுக் காட்டுங்க"ம்பாங்க.

அய்யா, நோட்புக் சர்வரோட வேலையே எவனோ அடிக்கிற கோடை உங்க மெஷின்ல ஓட்டுறதுதான். வேற வெப்சைட்ல ஒருத்தன் கோடு ஓட்டிட்டான்னா அது ஓட்டை, இங்க அதுக்காகத்தானே இன்ஸ்டாலே பண்ணிருக்கீங்க! அதனால லாகின் பண்ணவன் எதுவரைக்கும் போக முடியும்னு பாக்குறதுதான் இங்க டெஸ்ட்டு. "எங்க பசங்கதானே"ன்னு சொல்லாதீங்க, அந்தப் பசங்க பாஸ்வேர்ட் பாதி வாட்ஸாப் குரூப்புல கிடக்கு.

இந்தத் தடவ நோட்புக்ல ஒரு செல்லுல (கோடு அடிக்கிற கட்டம்) ஆச்சரியக்குறி போட்டு, நான் எந்த யூசர்னு சொல்ற ஐடி கமாண்ட் அடிச்சேன், ரூட்னு வந்துச்சு, அதாவது மெஷின்ல எதை வேணா பண்ணக்கூடிய யூசர். அடுத்த செல்லுல ஹோம் ஃபோல்டரை லிஸ்ட் பண்ணா மொத்த கிளாஸோட ப்ராஜெக்ட்டும் கூடவே இன்டர்னல் மார்க் எக்செல் ஷீட்டும், ரூட்டுங்கறதால திருத்தவும் முடியும். என்விரான்மென்ட் வேரியபிளை (ப்ரோகிராமுக்குக் குடுத்து வெக்கிற செட்டிங்) பிரிண்ட் பண்ணா டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கு. இதுல எங்க சார் ஹேக்கிங், நான் நோட்புக்கை நோட்புக்கா யூஸ் பண்ணேன், அவ்ளோதான்.

பெரிய இடத்துலயும் இதான் நடந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல விஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க மைக்ரோசாஃப்ட்டோட காஸ்மாஸ் டிபிங்கற கிளவுட் டேட்டாபேஸ்ல, அதுக்குள்ளயே இருந்த ஜூப்பிட்டர் நோட்புக்ல ஆரம்பிச்சு மத்த கஸ்டமர்களோட ப்ரைமரி கீ (அவங்க டேட்டாபேஸையே தொறக்குற சாவி) வரைக்கும் போய்ட்டாங்க, அதுவும் சொந்த அக்கவுண்ட்ல இருந்துக்கிட்டே.

டோக்கனையே (உள்ள விட ஜூப்பிட்டர் கேக்குற ரகசிய எழுத்து வரிசை) ஆஃப் பண்ணி வெக்கிறவங்க தனி ரகம். 2016 கடைசில வந்த ஜூப்பிட்டர் நோட்புக் 4.3 வெர்ஷன்ல இருந்து டோக்கன் தானாவே ஆன்ல இருக்கு, அது தொல்லையா இருக்குன்னு காலி பண்ணிட்டு ஐபில 0.0.0.0 போட்டு, அதாவது எந்த நெட்வொர்க்ல இருந்தும் வரலாம்னு தொறந்து விடுறது. "எங்க ஐபி யாருக்கு சார் தெரியும்?" யாருக்கும் தெரிய வேணாம், ஜூப்பிட்டர் வழக்கமா ஓடுற 8888 போர்ட்டைத் தேடிக்கிட்டு பாட் (தானா ஓடுற ப்ரோகிராம்) சுத்திக்கிட்டே இருக்கு, கிடைச்சா உங்க மெஷின்ல கிரிப்டோ காசு தோண்டுற மைனரை ஏத்திட்டுப் போய்டும், நீங்க ஜிபியு ஸ்லோவா இருக்குன்னு வென்டருக்கு போன் பண்ணிட்டிருப்பீங்க.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. ஜூப்பிட்டர்ஹப் (ஆளுக்குத் தனித்தனி நோட்புக் குடுக்குற சாஃப்ட்வேர்) போட்டு ஆளுக்கு ஒரு கண்டெய்னர் (தனியாப் பிரிச்சு அடைச்ச இடம்) குடுங்க, ரூட் வேணாம், டாக்கர் சாக்கெட்டை (எல்லா கண்டெய்னரையும் கன்ட்ரோல் பண்ற வழி) உள்ள மவுன்ட் பண்ணவே பண்ணாதீங்க, பண்ணா கண்டெய்னர் போட்டதே வேஸ்ட். கிளவுட்ல இருந்தா 169.254.169.254க்கு (சர்வர் தன்னோட விவரத்தைக் கேட்டு வாங்குற கிளவுட்டோட உள் அட்ரஸ்) நோட்புக்ல இருந்து போற வழியை அடைங்க, இல்லன்னா சர்வரோட கிளவுட் கீயையே கேட்டு வாங்கிடலாம். காலேஜ் இன்டர்னல் நெட்வொர்க்குக்குப் போற வழியையும் அதே மாதிரி அடைங்க. மெமரி லிமிட் வைங்க, ஹெச்டிடிபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க. அடுத்தவங்க அனுப்புன நோட்புக்கைப் படிக்காம டிரஸ்ட் குடுக்காதீங்க, அவுட்புட்ல இருக்கற ஜாவாஸ்கிரிப்ட் உங்க லாகின்லதான் ஓடும்.

கடைசியா தம்பி தங்கச்சிங்களுக்கு. இதைப் படிச்சுட்டு நாளைக்கே லேப் சர்வர்ல கை வெக்காதீங்கப்பா. ஹெச்ஓடிகிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்குங்க, எக்ஸாம் டைம்ல வேணாம், முடிஞ்சா அதே செட்டப்பைத் தனி மெஷின்ல போட்டு அங்க பண்ணுங்க. பர்மிஷன் இல்லாம பண்ணிட்டு மாட்டுனா ஐடி ஆக்ட்ல கேஸ் ஆகும், அப்ப எனக்கு மெசேஜ் போட்டுப் பிரயோஜனமில்ல.