ஜெயித்தால் ‘ஓம்’, தோற்றால் ‘ஆங்க’

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்தது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஐபிஎல் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள் இல்லையா, அதற்கு மறுநாள் எழுதியது. கேள்வி ஒன்றுதான். “கிரிக்கெட்காரனையும் நடிகனையும் தலையில் தூக்கிவைத்து ஆடும் இந்தக் கூட்டத்துக்கு மூளையில் ஏதாவது கோளாறா? அறிவியல் என்ன சொல்கிறது?” கூடவே, தன் காலத்தில் ரசனை இருந்தது, வெறி இல்லை என்று இரண்டு பக்கம்.

நெரிசலை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர், வாசல் எத்தனை, எது எந்தப் பக்கம் திறக்கும் என்கிற கணக்கு அது. கோயில் திருவிழாவிலும் ரயில் நிலையத்திலும் அதே கணக்கு தப்பித்தான் ஆட்கள் சாகிறார்கள், அங்கே எந்த நட்சத்திரமும் வருவதில்லை. ஐயா கேட்டது மூளையைப் பற்றி. கோளாறெல்லாம் ஒன்றும் இல்லை ஐயா.

பெரிய ஆளை உற்றுப் பார்ப்பது குரங்கிலேயே இருக்கிறது. 2005ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆண் ரீசஸ் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் பார்த்தால் பழச்சாறு மட்டும் கிடைக்கும், மறுபக்கம் பார்த்தால் பழச்சாறோடு தன் கூட்டத்துக் குரங்கு ஒன்றின் படமும் வரும். கூட்டத்தில் பெரிய தலையின் முகம் என்றால், சாறு குறைந்தாலும் பரவாயில்லை என்று குரங்குகள் அந்தப் பக்கமே திரும்பின. கீழ்மட்டத்துக் குரங்கின் முகத்தைப் பார்க்கவைக்க மட்டும் கூடுதலாகச் சாறு கொடுக்க வேண்டியிருந்தது! முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பவரைத் திட்டும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஆனால் பார்ப்பது வேறு, நம்முடையது என்று சேர்த்துக்கொள்வது வேறு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

2023 மே 29 இரவு தொடங்கிய ஐபிஎல் இறுதி ஆட்டம், மழையில் நின்று நின்று, 30ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் முடிந்தது. கடைசி 2 பந்தில் 10 ரன், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். விடிந்ததும் நான் பால் வாங்கப் போனேன். பூத்காரர் கண் சிவந்து, மஞ்சள் பனியனோடு நிற்கிறார். “ஜெயிச்சிட்டோம் சார்!” அதே மனிதர், அதே பூத், 2025. சென்னை அணி பட்டியலில் கடைசி, பத்தாவது இடம். “என்னங்க ஆச்சு?” என்றேன். “கேவலமா ஆடுறாங்க சார்.” மஞ்சள் பனியனைக் காணோம்.

ஜெயிச்சிட்டோம். ஆடுறாங்க. வினைமுற்றின் வாலைக் கவனியுங்கள். பள்ளியில் படித்த தன்மைப் பன்மை விகுதி ‘ஓம்’, படர்க்கைப் பன்மைக்குப் பேச்சில் வரும் ‘ஆங்க’. இரண்டு வருஷ இடைவெளியில் மனிதர் அணியிலிருந்து ராஜினாமா செய்துவிட்டார், ஒரே ஒரு விகுதியில், தனக்கே தெரியாமல்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1976ல் வெளியிட்ட ஆய்வு அது. முதலில் பனியன் கணக்கு. 7 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் முடிந்து திங்கள்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ போட்ட உடையில் வருகிறார்கள் என்று எண்ணினார்கள். அணி ஜெயித்த வாரம் அதிகம், ஜெயிக்காத வாரம் குறைவு. சரி, இது நம் பூத்காரர் சொல்லாமலே சொன்னதுதான்.

அப்புறம் செய்ததுதான் அழகு. மாணவர்களுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, கருத்துக்கணிப்பு என்று சொல்லி, வளாக வாழ்க்கையைப் பற்றி ஆறு கேள்வி கேட்டார்கள். என்ன பதில் சொன்னாலும், பாதிப் பேருக்கு “நன்றாகச் சொன்னீர்கள்”, மீதிப் பேருக்கு “உங்கள் பதில்கள் ரொம்ப மோசம்” என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு முடிவு. உடனே, போகிறபோக்கில் கேட்பதுபோல, “ஆமாம், உங்கள் பல்கலைக்கழக அணி இந்த ஆட்டத்தில் என்ன ஆனது?” சிலரிடம் ஜெயித்த ஆட்டம், சிலரிடம் கைநழுவிய ஆட்டம். பதிலில் ‘நாம்’ வருகிறதா ‘அவர்கள்’ வருகிறதா, அது மட்டும்தான் கணக்கு.

நன்றாகச் சொன்னீர்கள் என்று பாராட்டு வாங்கியவர்களிடம் வெற்றிக்கும் தோல்விக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. குட்டுப்பட்டவர்களில்தான் விஷயம் இருந்தது. ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது 40 விழுக்காட்டினர் ‘நாம்’ போட்டார்கள். மற்ற ஆட்டத்துக்கு வெறும் 14. முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் ‘உனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று சொன்ன அந்தச் சின்னக் காயத்துக்கு, யாரோ பதினொரு பேர் ஜெயித்த ஆட்டம் மருந்தாகப் போயிருக்கிறது. நாள் முழுக்க மேலாளரிடமும் வட்டிக்காரரிடமும் வாங்கிக்கட்டிக்கொள்கிறவருக்கு எத்தனை ‘ஓம்’ தேவைப்படும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு தீராத ஆசை. இந்தச் சோதனையைத் தமிழில் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு ‘நாம்’. நம்மிடம் ‘நாங்க’ இருக்கிறது, கேட்பவரை வெளியே நிறுத்துவதற்கு. ‘நாம’ இருக்கிறது, அவரையும் உள்ளே இழுத்துக்கொள்வதற்கு. பூத்காரர் எழுவாயை விழுங்கிவிட்டு “ஜெயிச்சிட்டோம்” என்று மட்டும் சொன்னாரே, அதில் நான் இருந்தேனா இல்லையா?

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1994 உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம், பிரேசிலும் இத்தாலியும், பெனால்டி வரை போய் இத்தாலியின் பாஜியோ பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்ட அதே ஆட்டம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த இரு நாட்டு ஆண் ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏறியிருந்தது, இத்தாலிக்காரர்களுக்கு அதே அளவு இறங்கியிருந்தது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு! உடம்பே ‘ஓம்’ போடுகிறது.

அப்படியென்றால் நாம் அசைந்தால் அணிக்கும் ஏதாவது ஆகுமோ? என் மைத்துனர் நம்புகிறார். தோனி களத்தில் இருக்கும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது, தான் எழுந்தால் விக்கெட் விழும் என்று. 1948ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானே தீனி விழும்படி கூண்டு வைத்தார். தீனி விழுந்த நேரத்தில் எதேச்சையாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றினால்தான் தீனி என்று முடிவுகட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தது. மைத்துனரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

‘விஞ்ஞானிகளுக்குக் கட்அவுட் வைத்தோமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. வைத்தோமே, வேறு மாதிரி. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தெருவே “இறங்கிட்டோம்” என்றதே. நேரலை இருந்தது, இறங்குமா இறங்காதா என்ற கடைசி ஓவர் இருந்தது, ‘ஓம்’ தானாக வந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். பாலாபிஷேகம் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. ஐந்து வருட ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, அது பார்ப்பவர்கள் தரும் காசு. ஆராய்ச்சிக்கு 2020-21 கணக்குப்படி நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான் செலவிட்டோம், எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் உதவித்தொகை ஏழு மாதம் வராமல் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார், இதில்தான் எரிச்சல். அதற்கு ரசிகர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

ஐயாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது கடிதத்தை மறுபடி படித்தேன். தன் காலத்து ரசனையைப் பற்றிய அந்த இரண்டு பக்கத்தில், சுத்தமான எழுத்துத் தமிழில், இப்படி ஒரு வரி: “1983இல் லார்ட்ஸில் வென்றோம். 1987இல் பம்பாயில் தோற்றுவிட்டார்கள்.”