கல்லீரலைக் காப்பாற்ற எட்டு மணி நேரம்

பாரசிட்டமாலை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவர் முதல் நாளில் பெரும்பாலும் நன்றாகத்தான் தெரிவார். கொஞ்சம் குமட்டல், வாந்தி, சோர்வு இருக்கலாம். சிலருக்கு அதுவும் இருக்காது. ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு உச்சத்தைத் தொடுவது மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான். ஆனால் கல்லீரல் செல்கள் பிழைக்குமா சாகுமா என்பது அதற்கு வெகு முன்பே, முதல் சில மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதனால் கல்லீரலைக் காக்கும் மருந்து என்று எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இரண்டு விஷயம் கேட்டுப் பார்க்கலாம்: பாதிப்பின் எந்தக் கட்டத்தை அது தடுக்கிறது? எப்போது கொடுத்தார்கள்?

பாரசிட்டமால் தானாகச் செல்லைக் கொல்வதில்லை. கல்லீரல் அதை வெளியேற்றப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. வழக்கமான டோஸில் மருந்தின் பெரும்பகுதியோடு குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. ஐந்து முதல் பத்து சதவீதம் மட்டும் வேறு பாதையில் போகிறது. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம், முக்கியமாக அதில் 2இ1 என்ற நொதி, அந்தச் சிறு பகுதியை 'நாப்க்வி' என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. கையில் கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொள்ளும் பொருள் அது. சாதாரண நாளில் இதனால் ஆபத்தில்லை. செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் குளூட்டாதயோன் என்ற பாதுகாப்பு மூலக்கூறு, நாப்க்வி உருவான உடனேயே அதோடு இணைந்து அதை முடக்கிவிடும்.

டோஸ் மிகும்போது கணக்கு மாறுகிறது. சல்பேட் பாதை சீக்கிரமே நிரம்பிவிடும். மிச்ச மருந்தில் கூடுதல் பங்கு நாப்க்வியாக மாறும். குளூட்டாதயோன் செலவாகும் வேகத்துக்குச் செல்லால் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது.

இந்தக் கதையை அவிழ்த்தது எலிகள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடி, ஜெரி மிட்செல், டேவிட் ஜாலோ, ஜேம்ஸ் கில்லெட் ஆகியோர் 1973-இல் வரிசையாக வெளியிட்ட கட்டுரைகள் இன்று படித்தாலும் அழகாக இருக்கின்றன. பி450 நொதிகளைப் பெருக்கும் பினோபார்பிட்டாலை முன்கூட்டியே கொடுத்தால் எலியின் கல்லீரல் பாதிப்பு கூடியது. அந்த நொதிகளைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் பாதிப்பு குறைந்தது. அப்படியானால் குற்றவாளி மருந்தல்ல, நொதிகள் அதிலிருந்து செய்யும் பொருள் என்றாகிறது. அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. குளூட்டாதயோன் இருப்பில் 70 சதவீதத்துக்கு மேல் காலியான பிறகுதான் நாப்க்வி செல்லின் புரதங்களில் கணிசமாக ஒட்டத் தொடங்கியது. அதுவரை கிட்டத்தட்ட எதுவும் நடக்கவில்லை. சற்றே கூடுதலான டோஸை உடல் சமாளித்துவிடுவதற்கும், அதற்கு மேல் போனால் திடீரெனச் சரிவு வருவதற்கும் காரணம் இதுதான்.

சரி, குளூட்டாதயோன்தான் தீர்ந்துபோகிறது என்றால் அதையே ஊசியாகப் போட்டுவிடலாமே? போடலாம், பலன் குறைவு. குளூட்டாதயோன் முழு மூலக்கூறாகக் கல்லீரல் செல்லுக்குள் எளிதில் நுழையாது. செல் அதை உள்ளேயே, மூன்று அமினோ அமிலங்களைச் சேர்த்துத்தான் தயாரிக்கிறது. மூன்றில் எப்போதும் தட்டுப்பாடானது சிஸ்டீன். ஆக, உள்ளே போக வேண்டியது சிஸ்டீன்தான். முதலில் சிஸ்டியமைன் என்ற பொருளை மருத்துவர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள். கல்லீரல் பிழைத்தது, ஆனால் நோயாளிகள் வாந்தியாலும் மற்ற பக்கவிளைவுகளாலும் அவதிப்பட்டார்கள். அப்புறம் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட்டின் குழு என்-அசிட்டைல்சிஸ்டீனை ஊசி வழியாகக் கொடுத்தது. அது ஒன்றும் புது மருந்தல்ல. நெஞ்சுச் சளியை இளக்குவதற்காக 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. செல்லுக்குள் போனதும் அசிட்டைல் பகுதி கழன்று சிஸ்டீன் கிடைக்கும், அதிலிருந்து குளூட்டாதயோன் உருவாகும்.

1979-இல் பிரெஸ்காட் வெளியிட்ட முடிவுகளில் என்னை ஈர்ப்பது நேரக் கணக்குதான். கடுமையாகப் பாதிக்கப்பட்ட 100 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். பாரசிட்டமாலை விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் அதைப் பெற்ற 40 பேருக்கும் கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு கிடைத்தது. பத்து மணி நேரத்துக்குள் பெற்ற 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்தது. முன்பு இந்த மருந்து இல்லாமல் பொதுவான சிகிச்சை மட்டும் பெற்ற 57 பேரிலோ 33 பேருக்கு வந்திருந்தது. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு பலன் படிப்படியாகக் குறைந்தது. இப்படிப்பட்ட தெளிவான முடிவு மருத்துவத்தில் அபூர்வம். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், அது தவறுதலாக நடந்திருந்தாலும், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். சளிக்கும் காய்ச்சலுக்கும் வெவ்வேறு பெயரில் வாங்கும் இரண்டு மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கலாம் என்பதால், தெரியாமலே அளவு மீறுவது நடக்கிற விஷயம்தான்.

நேரம் தாண்டினால் உள்ளே என்ன நடக்கிறது? நாப்க்வி ஒட்டும் புரதங்களில் முக்கியமானவை, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பவை. ஒட்டியதும் அங்கே வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசியத் தொடங்குகின்றன. அது ஜே.என்.கே. என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்கே திரும்பிப் போய்ச் சேதத்தைப் பெருக்குகிறது. கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறக்கிறது, ஆற்றல் உற்பத்தி நிற்கிறது, உள்ளிருந்து வெளியேறும் நொதிகள் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைத் துண்டாடுகின்றன. செல் வீங்கி வெடிக்கிறது. கல்லீரல் எங்கும் இது சமமாக நடப்பதில்லை. கல்லீரலின் சிறு அலகான ஒவ்வொரு மடலகத்திலும் மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்களில்தான் 2இ1 நொதி அதிகம், குளூட்டாதயோன் குறைவு. முதலில் சாவது அவைதான். ஓரத்தில் தப்பும் செல்கள் பிரிந்து பெருகி, போன இடத்தை நிரப்புகின்றன.

என்-அசிட்டைல்சிஸ்டீன் தாமதமாகக் கொடுத்தாலும் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், பாரசிட்டமாலால் ஏற்கெனவே கல்லீரல் செயலிழந்த 50 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 48 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 20 சதவீதம் பேரும் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் பிடிப்பதற்கு நாப்க்வி ஏதும் மிச்சமிருக்காது. மருந்து இங்கே வேறு வேலை செய்கிறது. எலிகளில் பார்த்தவரை, மைட்டோகாண்ட்ரியாவின் குளூட்டாதயோனை மீட்டு அங்கே கசியும் வீரிய மூலக்கூறுகளை அணைக்கிறது. மிஞ்சும் அமினோ அமிலம் ஆற்றலுக்கான எரிபொருளாகவும் பயன்படுகிறது.

இனி ஆய்வக எலிகளைப் பற்றிக் கொஞ்சம் எரிச்சலோடு பேச வேண்டும். 'இந்த இலைச் சாறு கல்லீரலைக் காக்கிறது' என்று வரும் கட்டுரைகள் ஏராளம். பலவற்றில் சாற்றை முதலில் கொடுத்துவிட்டுப் பாரசிட்டமாலைப் பிறகு கொடுத்திருப்பார்கள். சாறு 2இ1 நொதியைத் தடுத்தாலே போதும், நாப்க்வி உருவாகாது, எலி தப்பிவிடும். மருத்துவமனைக்கு வரும் மனிதரோ மருந்தை விழுங்கிச் சில மணி நேரம் ஆனவர். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சாற்றைக் கரைக்கப் பயன்படுத்தும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானே அந்த நொதியைத் தடுக்கும். கரைப்பானை மட்டும் கொடுத்த எலிகளோடு ஒப்பிடாவிட்டால், கரைப்பான் செய்த வேலைக்கான பெயர் இலைக்குப் போய்விடும். இயற்கையானது என்பதாலேயே கல்லீரலுக்கு நல்லது என்றும் எண்ண வேண்டாம். அடர்த்தியான பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளே சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன.

பாரசிட்டமாலின் கதை எல்லா மருந்துக்கும் பொருந்தாது. புளூகுளோக்சாசிலின் என்ற ஆன்டிபயாடிக், சரியான டோஸில் எடுத்தாலும் மிகச் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கிறது. எச்.எல்.ஏ-பி*57:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறக்குறைய 80 மடங்கு கூடுதல் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். அப்படியிருந்தும் அந்த வகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. இங்கே நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்தச் செல்லைத் தாக்குகிறது. குளூட்டாதயோனை நிரப்பினால் மட்டும் இது அடங்காது. மருந்தை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயேட்டில் கதை வேறு. அது கொழுப்பு எரிக்கும் பாதையைக் குலைப்பதால், அந்தப் பாதைக்குத் தேவையான கார்னிடைன் என்ற பொருளை அங்கே கொடுக்கிறார்கள்.

பாரசிட்டமாலுக்கே திரும்பினால், அண்மைக் காலத்தில் மருத்துவர்கள் கவனிக்கும் மருந்து போமெபிசோல். எத்திலீன் கிளைக்கால், மெத்தனால் ஆகியவற்றின் நச்சை முறிக்கும் மருந்தாக வந்தது அது. 2இ1 நொதியையும் தடுக்கும் என்பதால், மிக அதிக அளவில் பாரசிட்டமால் உள்ளே போனவர்களுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீனோடு சேர்த்துச் சிலர் கொடுக்கிறார்கள். எலிச் சோதனைகளில், நாப்க்வி உருவாகி முடிந்த பிறகு கொடுத்தபோதும் அது பாதிப்பைக் குறைத்தது. அப்போது அது தடுப்பது அந்த நொதியை அல்ல, ஜே.என்.கே.யை.