ஆங்கிலேய ஷேவிங் கிரீம்கள்: வேலை செய்வது எது, விலை போவது எதற்கு?

ஷேவிங் கிரீமைப் பற்றி அக்கறையோடு பேசுபவர்கள் மறுபடி மறுபடி சொல்லும் பெயர்களில் பெரும்பாலானவை லண்டனில் செயின்ட் ஜேம்ஸ், மேஃபேர் என்று ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகளைச் சேர்ந்தவை. 1790இல் மருந்துக்கடையாகத் தொடங்கிய டி. ஆர். ஹாரிஸ், 1805இல் முடிதிருத்தகமாகத் தொடங்கிய ட்ரூஃபிட் அண்ட் ஹில், 1854இல் தொடங்கிய டெய்லர் ஆஃப் ஓல்டு பாண்ட் ஸ்ட்ரீட், 1875இல் தொடங்கி கர்சன் தெருவில் புகழ்பெற்ற ஜியோ. எஃப். ட்ரம்பர் ஆகிய நான்கும் இன்றும் தங்கள் பெயரில் கிரீம் விற்கின்றன. மளிகைக் கடையில் கிடைக்கும் டியூபைவிட இவற்றின் விலை பல மடங்கு அதிகம். அந்தக் கூடுதல் பணம் முகத்தில் செய்யும் வேலைக்குப் போகிறதா, வேறு எதற்காவது போகிறதா என்பதைச் சொல்ல, ஷேவிங் கிரீம் என்னதான் செய்கிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

தாடி மயிரின் உடல் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியமாகக் கட்டிப்போட்டு வைத்திருக்கின்றன. கந்தக அணுக்களுக்கு இடையிலான டைசல்பைடு பிணைப்புகள் வலிமையானவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் எண்ணிக்கையில் மிகுந்தவை, ஆனால் நீர் உள்ளே புகுந்தால் விட்டுக்கொடுப்பவை. மயிர் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அதன் குறுக்களவு 15 சதவீதம் அளவுக்கு வீங்குகிறது, அதை வெட்டத் தேவைப்படும் விசை கணிசமாகக் குறைகிறது. வெதுவெதுப்பான நீரில் இதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். டைசல்பைடு பிணைப்புகளை இந்த நேரத்திற்குள் எந்த ஷேவிங் கிரீமும் தொடுவதில்லை. அவற்றை உடைக்க, முடிநீக்கும் கிரீம்களில் உள்ள தயோகிளைக்கோலேட் போன்ற பொருளும் மிகக் கடுமையான காரத்தன்மையும் வேண்டும்.

ஆகவே மயிரை மென்மையாக்குவது நீர்தான், கிரீம் அல்ல. கிரீமின் பணி அந்த நீருக்குத் துணை நிற்பது: மயிரின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசையைக் கரைத்து நீர் உள்ளே போக வழிவிடுவது, முகத்தில் தடவிய நீர் வழிந்தோடாமலும் காயாமலும் சவரம் முடியும்வரை அங்கேயே நிறுத்திவைப்பது, பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கும் ஒரு மென்படலத்தை விட்டுச்செல்வது. 50 பவுண்டு கொடுத்து வாங்கினாலும் 2 பவுண்டு கொடுத்து வாங்கினாலும் ஒரு கிரீமை இந்த மூன்றை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி டப்பாவின் பின்புறத்துக்கு வருவோம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அழகுப்பொருள் உறைகளில், ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்களை எடை மிகுந்ததில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். இந்தப் பழைய நிறுவனங்களின் மரபான கிரீம்களை அருகருகே வைத்துப் படித்தால், பட்டியலின் முதல் பகுதி பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பெயர்களாகவே இருக்கிறது: நீர், ஸ்டியரிக் அமிலம், மிரிஸ்டிக் அமிலம், தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் அமிலங்கள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கடும் காரம் என்பதால் அதைப் பட்டியலில் கண்டு சிலர் அஞ்சுவதுண்டு. உண்மையில் அது தயாரிப்புக் கலத்திலேயே கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து சோப்பாக மாறிவிடுகிறது. அமிலத்தை வேண்டுமென்றே சற்று மிகுதியாகச் சேர்ப்பதால், வினைபுரியாத காரம் மிச்சம் நிற்பதில்லை.

மிச்சம் நிற்பது ஸ்டியரிக் அமிலம்தான். நல்ல கிரீமை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் தெரியும் முத்துப் பளபளப்பு, சோப்பாக மாறாமல் எஞ்சிய அந்த அமிலத்தின் நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. நுரைக்கு உடல் கொடுப்பதிலும் அந்தப் படிகங்களுக்குப் பங்கு உண்டு.

சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு கடினமாக இறுகும், நீரில் கரைய அதிக வெப்பம் கேட்கும். பொட்டாசியம் உப்போ மென்மையாக இருந்து, வெதுவெதுப்பான நீரிலேயே விரைவாகக் கரையும். குளியல் சோப்பு கட்டியாகவும் ஷேவிங் கிரீம் குழைவாகவும் இருப்பதன் அடிப்படை இதுவே. கொழுப்பு அமிலங்களைக் கலந்து பயன்படுத்துவதிலும் கணக்கு உண்டு. 12 கார்பன் அணுக்கள் கொண்ட லாரிக் அமிலத்தின் சோப்பு நொடியில் நுரைக்கும், ஆனால் குமிழிகள் பெரியவை, சீக்கிரம் உடைபவை. தோலை எரிச்சலூட்டும் இயல்பும் அதற்கு அதிகம். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தின் சோப்பு மெதுவாக நுரைக்கும், ஆனால் குமிழிகள் மிக நுண்ணியவை, நெடுநேரம் நிலைப்பவை. 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஸ்டியரிக் பெரும்பங்காகவும், மிரிஸ்டிக்கும் தேங்காய் அமிலங்களும் துணையாகவும் வரும் கலவையில் விரைவும் நிலைப்பும் ஒருங்கே கிடைக்கின்றன. இந்தச் சூத்திரம் எந்தக் கடையின் இரகசியமும் அல்ல. சோப்பு வேதியியலின் பொதுச் சொத்து.

நுரை உருவாவதைக் கிண்ணத்தில் கவனித்துப் பார்ப்பது பயனுள்ளது. பாதாம்பருப்பு அளவு கிரீமை எடுத்து, நனைத்து லேசாக உதறிய பிரஷ்ஷால் சுழற்றத் தொடங்கினால், முதலில் பசை போன்ற ஒரு பூச்சுதான் கிண்ணத்தின் சுவரில் ஒட்டும். சில துளி நீர் சேர்த்ததும் கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழிகள் வரும். அவசரப்படுபவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்து சுழற்றினால் பிரஷ்ஷின் இழைகள் பெரிய குமிழிகளைச் சிறியவையாகப் பிளந்துகொண்டே போகும். மேலும் சில துளிகள் சேர்த்தபின் குமிழிகள் கண்ணிலிருந்து மறைந்து, ஈரப் பளபளப்போடு கெட்டித் தயிர் போன்ற ஒரு பதம் வரும். அதுதான் வேண்டிய நிலை. சோப்பு மூலக்கூறுகள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால்தான் இத்தனை நுண்குமிழிகள் தோன்ற முடிகிறது. குமிழிகளுக்கு இடையிலான நீர்ப்படலம் வடிந்துவிடாமல் கிளிசரினும் ஸ்டியரேட்டும் (ஸ்டியரிக் அமிலத்தின் சோப்பு) அதைத் தடிப்பாக்கிப் பிடித்துவைக்கின்றன. வெள்ளை வெளேரென்று மலைபோல் எழும் நுரை பெரும்பாலும் காற்றுதான்; ஈரம் குறைந்த அத்தகைய நுரையில் பிளேடு இழுபடும்.

ஒரு கிரீம் அடர்த்தியான நுரை தருகிறது, இன்னொன்று தரவில்லை என்ற தீர்ப்புகளில் பெரும்பகுதி, கிரீம்களின் வேறுபாட்டால் அல்லாமல் நீரின் அளவு வேறுபட்டதால் வந்தவை என்றே நான் நம்புகிறேன். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் ஒவ்வொரு கிரீமிலும் 1.5 கிராம் எடைபோட்டு எடுத்து, ஒரே வெப்பநிலையில் உள்ள நீரை மில்லிலிட்டர் மில்லிலிட்டராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் சுழற்றி, நுரை தளரத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நுரையை வழித்தெடுத்தபின் எஞ்சும் ஈரப்படலத்தை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்து, எவ்வளவு நேரம் வழுக்குகிறது என்றும் பார்க்க வேண்டும். நுரையின் உயரத்தைவிட இந்த வழுக்கல்தான் பிளேடுக்கு முக்கியம், ஏனெனில் பிளேடின் முனை கடக்கும்போது நுரை ஏற்கெனவே வழிக்கப்பட்டு, தோலை ஒட்டிய படலம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நீரின் தன்மையும் ஒப்பீட்டைக் குழப்பும். லண்டனின் குழாய் நீர் கடின நீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத கால்சியம் ஸ்டியரேட் போன்ற படிவுகளாகின்றன. கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டும் சாம்பல் நிறக் கறை அதுவே. கரையாத படிவாகும் ஒவ்வொரு துளி சோப்பும் நுரைக்குக் கிடைக்காமல் போனதுதான். இதற்காகவே சில கிரீம்களில் இந்த உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. உப்புகளைச் சேர்க்கிறார்கள். உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்தக் கிரீம்களைக் குழைத்து ஏமாந்தவர்கள், ஒருமுறை வடிகட்டிய குடிநீரில் குழைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நல்லது.

அடித்தளம் ஏறக்குறைய ஒன்றென்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? வாசனையில் இருக்கிறது. கிரீமின் எடையில் வாசனைத் திரவியம் பொதுவாக ஓரிரு சதவீதம்தான், ஆனால் செலவில் அதன் பங்கு மிகப் பெரியது. அதோடு அது தொழில்நுட்ப அளவில் கடினமான வேலையும்கூட. சோப்பு நுரையின் பி.எச். அளவு 10ஐ ஒட்டியது; அந்தக் காரச் சூழலில் எஸ்டர் வகை மணப்பொருள்கள் மெல்லச் சிதைகின்றன, வனிலின் போன்றவை பழுப்பேறுகின்றன. கிரீம் டப்பாவைத் திறந்த நாளில் இருந்த மணம் மாதங்கள் கழித்தும் மாறாமலிருக்க வேண்டுமென்றால், காரத்தைத் தாங்கும் மூலக்கூறுகளாகப் பார்த்துக் கோக்க வேண்டும். ட்ரம்பரின் வயலட் கிரீமை எடுத்துக்கொள்ளலாம். வயலட் பூவிலிருந்து நேரடியாக எண்ணெய் எடுப்பது கட்டுப்படியாகாத வேலை. 1893இல் டீமன், க்ரூகர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் அயனோன் என்ற பொருளைச் செயற்கையாக உருவாக்கிய பிறகே வயலட் மணம் வாசனைப் பொருள்களில் பரவலானது. எலுமிச்சை வகை மணங்களில் வேறொரு சிக்கல்: அவற்றின் முதன்மைப் பொருளான லிமோனின் எளிதில் ஆவியாவதால், சவரம் முடிவதற்குள்ளேயே மணம் பாதி போய்விடும். சந்தனத்தில் இது நேர்மாறு. சான்டலால் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாக ஆவியாகி நெடுநேரம் தங்குபவை. ஆனால் மைசூர்க் காடுகளிலும் தமிழகத்தின் சத்தியமங்கலம், சவ்வாது மலைகளிலும் வளரும் மரத்தின் உண்மையான சந்தன எண்ணெய் இன்று விற்கும் விலையில், அதை முகத்திலிருந்து கழுவிவிடும் ஒரு கிரீமில் தாராளமாகக் கலக்க முடியாது. சந்தனம் என்று பெயரிட்ட கிரீம்கள் பெரும்பாலும் சான்டலூர், ஜவனால் போன்ற செயற்கைச் சந்தன மணப்பொருள்களைச் சார்ந்தவை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நன்றாகக் கோத்த செயற்கை மணம் மோசமாகக் கோத்த இயற்கை எண்ணெயைவிட மேலானது.

வாசனைதான் தோலுக்குத் தொல்லை கொடுக்கக்கூடியதும். தோலின் மேற்பரப்பு பி.எச். 5ஐ ஒட்டிய மென்மையான அமிலத்தன்மை உடையது; காரமான நுரை அதைச் சிறிது நேரம் குலைக்கிறது, கழுவியபின் தோல் தானாகவே மீள்கிறது. ஒவ்வாமை அப்படி மீள்வதில்லை. லினலூல், ஜெரானியால், சிட்ரால், கூமரின் போன்ற மணப்பொருள்கள், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்லி அச்சிடப்பட வேண்டும் என்று ஐரோப்பிய விதி இருப்பது இதனால்தான். சவரத்துக்குப் பின் முகம் சிவந்து எரிபவர்கள் பட்டியலின் கடைசி வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். டெய்லரின் ஜெர்மின் ஸ்ட்ரீட், ட்ரூஃபிட்டின் அல்டிமேட் கம்ஃபர்ட் ஆகியவை எரிச்சல் எளிதில் வரும் தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அத்தகையவர்கள் ரோஜாவையும் எலுமிச்சையையும் விட்டு அங்கே தொடங்குவதே சரி.

விலையை, கிரீம் அடைத்து வரும் கிண்ணத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பது ஏமாற்றும். டெய்லரின் கிண்ணம் 150 கிராம், ட்ரூஃபிட்டுடையது 190, ட்ரம்பருடையது 200. ஒரு சவரத்துக்கு 1.5 கிராம் என்று கொண்டால் டெய்லர் 100 சவரங்களுக்கும், ட்ரூஃபிட் 126 சவரங்களுக்கும், ட்ரம்பர் 133 சவரங்களுக்கும் வரும். 150 கிராம் கிண்ணம் ஒன்றை 15 பவுண்டுக்கும் 190 கிராம் கிண்ணம் ஒன்றை 30 பவுண்டுக்கும் வாங்கினோம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சவரத்துக்கான செலவு முறையே 15 பென்ஸ், 24 பென்ஸ். தினமும் சவரம் செய்பவருக்கு ஆண்டுக்கு வரும் வேறுபாடு 33 பவுண்டு அளவில் இருக்கும். இந்த நிறுவனங்களின் 75 கிராம் டியூப் பயணத்துக்கு வசதியானது, ஆனால் கிராம் கணக்கில் பொதுவாகக் கிண்ணத்தைவிட விலை கூடியது. கிண்ணத்துக்குள் ஈர பிரஷ்ஷை நேரே விடுபவர்கள் 1.5 கிராமுக்குப் பதிலாக 3 கிராம் எடுத்துவிடுகிறார்கள். நீரும் கிருமியும் உள்ளே போவது தனி. உலர்ந்த விரலாலோ சிறு கரண்டியாலோ எடுப்பவருக்கு அதே கிண்ணம் இரு மடங்கு நாள் வரும்.

நான்கு நிறுவனங்களில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், நுரையின் தரத்துக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தத்தில் டெய்லரையே முதலில் சொல்வேன். ட்ரம்பரின் ரோஜாவும் வயலட்டும் மணத்துக்காக வாங்கத் தக்கவை, அந்த மணம் பிடித்தவருக்குக் கூடுதல் பணம் வீணல்ல. ட்ரூஃபிட்டின் கெட்டியான பதம் எனக்குப் பிடிக்கும், ஆனால் முகத்தில் அது செய்யும் வேலை விலையில் உள்ள இடைவெளி அளவுக்கு வேறுபடவில்லை. சிக்கனம் மட்டுமே நோக்கம் என்றால் கிரீமையே விட்டுவிட்டு ஹாரிஸின் கட்டிச் சோப்புப் பக்கம் போகலாம். கிரீமில் ஏறக்குறைய பாதி நீர். நன்றாக அரைத்து அழுத்திய கட்டிச் சோப்பில் நீர் மிகக் குறைவு என்பதால், அதன் 100 கிராம் 150 கிராம் கிரீமைவிட அதிக நாள் வரும். நுரை எழக் கூடுதலாக ஒரு நிமிடம் பிரஷ்ஷைச் சுழற்ற வேண்டியிருக்கும்; அந்த நிமிடத்தில் மயிர் இன்னும் சிறிது நீரை உறிஞ்சிக்கொள்ளும்.