தொண்டரா, பணியாளரா?

‘கம்யூனிட்டி ஹெல்த் வொர்க்கர்’ என்பதைச் ‘சமூக சுகாதாரத் தொண்டர்’ என்று எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் பக்கம் கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் என்றால் துண்டறிக்கையில் இதுதான். வொர்க்கர் எப்போது தொண்டர் ஆனார்?

சுகாதாரம் வடசொல், சுகமும் ஆதாரமும் சேர்ந்தது. ‘நலவாழ்வு’ என்று மாற்றச் சொல்பவர்கள் உண்டு. புழங்கிய சொல், இருந்துவிட்டுப் போகட்டும். என் சண்டை தொண்டரோடு.

தொண்டு என்றால் முதலில் அடிமைத்தனம், பிறகு இறைபணி, இன்றைக்குக் கூலி வாங்காத பொதுச்சேவை. காவடி நாளில் வெறுங்காலோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரே, அவர் தொண்டர். காசநோய்க்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று வீடு தேடிப் போகிறவருக்கும், குழந்தையின் புஜத்தில் மெலிவை அளக்கும் நாடாவைச் சுற்றி, அளவு சிவப்பில் நின்றால் கிளினிக்குக்குச் சீட்டு எழுதுகிறவருக்கும் அது பிழைப்பு. அரசும் தொழிற்சங்கங்களும் செய்த 2018 ஒப்பந்தத்தில் அவர்களுக்கு மாதம் 3,500 ராண்ட் என்று முடிவானது. அதையும் சம்பளம் என்னாமல் ‘ஸ்டைபெண்ட்’ என்றார்கள். நம்மவர்கள் ‘ஊக்கத்தொகை’ ஆக்கினார்கள். 2020-ல் காவ்டெங் மாகாணம் அவர்களை நிரந்தரமாக்கியது. நிரந்தரத் தொண்டர் என்று உலகத்தில் யாராவது உண்டா?

இதைவிடக் கொடுமை, ஆய்வுக் கேள்வித்தாளில் வரும் ‘ஜாப் ஆட்டிட்யூட்’, அதாவது வேலையைப் பற்றிய மனநிலை என்பது, ‘தொண்டு மனப்பான்மை’ ஆவது. ஆய்வாளர் கேட்பது வேறு: வேலை பிடித்திருக்கிறதா, மேலே இருப்பவர் மதிக்கிறாரா, வேறு வேலை கிடைத்தால் போய்விடுவீர்களா? தமிழுக்கு வரும்போது அது ‘அர்ப்பணிப்புக் குறைவு’ என்று முடிகிறது. சம்பளம் கேட்கும் தொண்டர் பேராசைக்காரராகத் தெரிகிறார். பணியாளர் கேட்டால் அது நியாயம்.

‘ஊழியர்’ போடலாமே என்பார்கள். கிறிஸ்தவர் வீட்டில் ஜெபிக்க வந்திருக்கிறார் என்று நாற்காலி போடுவார்கள். ‘தன்னார்வலர்’ தமிழ்நாட்டு இறக்குமதி. அங்கே வீடு தேடி மருந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபிறகு இன்னும் பரவியது. தொண்டருக்கு அது தம்பி, வேறொன்றுமில்லை. பக்கத்து வீட்டு ஜூலுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை: இம்பிலோ என்றால் நலம், வருகிறவர் நோம்பிலோ. யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

‘சமூகம்’ நம் காதில் சாதியாகவும் விழும். 2011-லிருந்து இங்கே நகராட்சி வார்டு வாரியாகத்தான் இவர்களின் குழுக்களை அமைக்கிறார்கள். ஆகவே ‘வட்டாரச் சுகாதாரப் பணியாளர்’. போதும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்று. ‘எஃபெக்டிவ்னெஸ்’ செயல்திறன் அல்ல. பத்து வீடு ஏறி இறங்குவது செயல்திறன்; அந்த வீடுகளில் எத்தனை பேர் ஆறு மாத மருந்தை முடித்தார்கள் என்பது வேறு கணக்கு. இலங்கைப் பாடநூல்கள் ‘எஃபிஷியன்சி’யை வினைத்திறன், ‘எஃபெக்டிவ்னெஸ்’ஸை விளைதிறன் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எடுத்துக்கொள்ள என்ன தடை?