அடிதடிக்கு நடுவுல அந்த அரை நிமிஷம்

பள்ளத்தூர்லேர்ந்து ஒரு ஆச்சி கேட்டுருந்தாக: "என் பேரன் நாலு வருஷமா ஒரே கேம விளையாடுறான், தெனம் ராத்திரி அதே நாலு பேரு, அதே பூச்சிய சுடுறாக. நமக்கு ஒரு படத்த ரெண்டாந்தடவ பாத்தாலே கொட்டாவி வருது, இவனுக்கு ஏன் சலிக்கல? பக்கத்து வீட்ல மந்திரிச்சு கயிறு கட்டச் சொல்றாக."

ஆச்சி, கயிறெல்லாம் வேண்டாம். ஒரு புள்ள ஏன் ஒரு விஷயத்துல உக்காந்துருக்கான்னு புரியலேன்னா உடனே காத்து கருப்புன்னு முடிவு கட்டுறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா இதுல புரிஞ்சுக்க நெறைய இருக்கு.

பரிசு கெடைக்குது, மூளையில டோபமைன்ங்கற ரசாயனம் சுரக்குது, அதான் விட மாட்டேங்கிறான்னு எல்லாரும் சொல்லுவாங்க. பாதி சரி. 1990கள்ல வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்ங்கற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகள வச்சு பாத்தது என்னன்னா, எதிர்பாராம ஜூஸ் கெடச்சா டோபமைன் செல்லுங்க துள்ளுது, விளக்கு எரிஞ்சா ஜூஸ் வரும்னு குரங்கு பழகிட்டா விளக்குக்குத்தான் துள்ளுது, ஜூஸுக்கு சும்மா இருக்கு. அதாவது எதிர்பாத்தது அப்படியே வந்தா மூளைக்கு அதுல புதுசா சேதி இல்ல. அதனாலதான் கேம்ல பரிசு எப்ப வரும்னு தெரியாத மாதிரி வைப்பாங்க. ஆனா இது சில மாசம் இழுக்கும், நாலு வருஷம் இழுக்காதுங்கறது என் கருத்து.

2006ல ரையன், ரிக்பி, ஷிபில்ஸ்கி மூணு பேரும் கேம் விளையாடுறவங்கள ஆராய்ஞ்சாங்க. நானே முடிவெடுக்குறேன், எனக்குக் கை வந்துருச்சு, கூட ஆள் இருக்கு, இந்த மூணு உணர்வும் கெடைக்கிறவங்களுக்குத்தான் ரசனையும் திரும்ப வர்ற ஆசையும் அதிகமா இருந்துச்சு. மூணாவது இருக்கே, கூட ஆள், அத வெறுமனே நாலு பேர ஒரே ரூம்ல போட்டா உண்டாக்க முடியாது.

டென்மார்க்காரங்க பண்ணுன டீப் ராக் கேலக்டிக்னு ஒரு கேம், 2020ல முழுசா வந்துச்சு. நாலு பேரும் குகைக்குள்ள கனிமம் தோண்டணும், பூச்சிங்க கூட்டங்கூட்டமா வரும். சுவத்துல ஒசரத்துல ஒரு தாது மின்னுது, நாலு பேர்ல ஸ்கவுட்னு ஒருத்தன் கொக்கிக் கயிற எறிஞ்சு அங்க போயிருவான், ஆனா நிக்க எடமில்ல. இன்ஜினியர்னு இன்னொருத்தன் கீழேர்ந்து சுட்டா தாதுக்கு அடியில ஒரு திண்டு ஒட்டிக்கும், ஆனா அவனால அவ்ளோ ஒசரம் ஏற முடியாது. இவன் திண்டு போட அவன் பறந்து போய் நின்னு வெட்டுவான். ரெண்டு பேரும் பேசிக்கக் கூட மாட்டாங்க, மேல வெளிச்சம் காட்டுனா போதும். அப்படி வெட்டுற தாதுல நைட்ரான்னு ஒண்ணு, அது 80 சேந்தாத்தான் தோட்டாப் பெட்டி வரும், அதுல சரியா 4 பங்கு. நீ ரெண்டு எடுத்தா ஒருத்தனுக்கு இல்ல.

சரி, எனக்கு உசுரான விஷயத்துக்கு வர்றேன். 2008ல வால்வ் கம்பெனி வெளியிட்ட லெஃப்ட் ஃபோர் டெட், நாலு பேரு ஜாம்பி, அதாவது நடமாடுற பொணம் மாதிரி ஆளுங்க கூட்டத்துக்குள்ள பூந்து தப்பிக்கணும். அதுக்குள்ள டைரக்டர்னு ஒரு புரோகிராம் இருக்கு, அது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் வச்சிருக்கும், மனசு எவ்ளோ படபடப்புல இருக்குன்னு ஒரு கணக்கு. அடி வாங்குனா எண் ஏறும், கீழ விழுந்தா இன்னும் ஏறும், ஜாம்பி பக்கத்துல செத்தா நெறைய ஏறும், தூரத்துல செத்தா கொஞ்சம்தான். சண்டை இல்லேன்னா மெல்ல எறங்கும். எண் உச்சத்தத் தொட்டதும் 3லேர்ந்து 5 செகண்ட் அப்படியே வச்சிருந்து, அப்பறம் ஜாம்பி அனுப்புறத குறைச்சுரும். படபடப்பு எறங்குற வரைக்கும் காத்துருக்கும், அதுக்கும் மேல 30லேர்ந்து 45 செகண்ட் சும்மா விடும். அந்த நேரத்துல நாமளே ரொம்ப தூரம் முன்னாடி போயிட்டா ஓய்வு அதோட முடிஞ்சுது, மறுபடி கூட்டம் சேரும். இதுல அழகு என்னன்னா அது கேம லேசாக்கல, ஸ்கூல்ல அலை படிச்சோமே, அலையோட ஒசரத்தத் தொடாம அதிர்வெண்ண மட்டும் மாத்துது, அதாவது சண்டையோட கடுமை அப்படியே இருக்கும், எப்பப்ப வருதுங்கறதுதான் மாறும்.

இத மொதல்ல படிச்சப்ப எனக்கு வடமாடு மஞ்சுவிரட்டுதான் ஞாபகம் வந்துச்சு. நம்ம பக்கம் பாத்துருப்பீங்க, நீள வடத்துல கட்டுன ஒரு காளை, 9 பேரு, 20, 25 நிமிஷம். காளை பாயுறப்ப யாரும் யாரையும் பாக்க நேரமில்ல. அது நின்னு மண்ணக் கெளறி மூச்சு விடுது பாருங்க, அப்பத்தான் ஒருத்தன் கண்ணக் காட்டுவான், எடம் மாறுவாங்க, விழுந்தவன தூக்கி விட்டு முதுகுல மண்ணத் தட்டி விடுவாங்க. ஒன்பது பேரு ஒரு டீமா ஆகுறது அந்த நேரத்துலதான். கேம்லயும் நட்பு வளர்றது அந்த எடவெளியிலதான்னு நான் நம்புறேன், இடைவிடாம சுட்டுக்கிட்டே இருந்தா யாரும் வாயத் தொறக்க முடியாது.

இதயெல்லாம் நம்ம ஊர்ல யாராவது ஆராயணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டித்தான் காரைக்குடிக்கு சிக்ரிங்கற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு, மின்வேதியியலுக்கு அன்னைக்கு அப்படி ஒருத்தர் கெடச்சாரு. விளையாட்டும் மனசும்னு ஒரு சின்ன லேப் வைக்க அவ்ளோ பெரிய எடமெல்லாம் வேண்டாம், கோடிக்கணக்குல புள்ளைங்க விளையாடுற நாட்டுல அதுக்குக் காசு ஒதுக்குறது வீண் செலவு இல்ல.

ஆச்சி, ஒரு நாள் பேரன் ரூம் பக்கம் காது குடுங்க, சுடுற சத்தம் நிக்கிறப்ப என்ன பேசுறான்னு கேளுங்க. நாங்களும் நாலு பேரு, ஒருத்தன் சிங்கப்பூர், ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் தேவகோட்டை, சனிக்கிழமை ராத்திரி இங்க 9 மணி, சிங்கப்பூர்ல பதினொன்றரை. போன வாரம் ஒரு கூட்டத்த முடிச்சிட்டு மூலையில நின்னு மருந்து போட்டுக்கிட்டு இருந்தோம், சிங்கப்பூர்க்காரன் "டேய், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் என்னாச்சு"ன்னான். கட்டுப் பிரிச்சாச்சுடான்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்துருச்சு, மீதிய அடுத்த எடவெளியில சொன்னேன்.